டீசல் வருகிறது என்று தெரிந்தும் நீராவி ஷெட்டுகளில் ஏன் பணம் போட்டார்கள்?

அமெரிக்க ரயில் வரலாற்றைப் படிக்க ஆரம்பிக்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு சந்தேகம் வந்துவிடும். டீசல் இன்ஜினால் கனமான சரக்கு ரயிலை இழுக்க முடியும் என்பது 1940லேயே நிரூபணமாகிவிட்டது. 1960இல் நீராவி ஏறக்குறைய முடிந்தே போனது. ஆனால் இடைப்பட்ட அந்த இருபது வருஷத்தில், 1945க்கு அப்புறம்கூட, பெரிய ரயில் கம்பெனிகள் நீராவிக்காகப் புதிய பராமரிப்புக் கூடங்கள் கட்டின, பழைய இன்ஜின்களைப் பிரித்துப் புதிதாக்கின, ஒரு கம்பெனி 1953 டிசம்பர் வரை நீராவி இன்ஜினைத் தன் சொந்தப் பட்டறையிலேயே செய்துகொண்டிருந்தது. இவர்களுக்கு வருவது தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றும். தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஏன் பணம் போட்டார்கள், போட்டது சரிதானா, பிறகு ஏன் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். ரயில் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு நீராவி இன்ஜின் ஓட என்னவெல்லாம் வேண்டும் என்று பார்த்துவிடலாம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. நிலக்கரி வேண்டும். அதை வேகனிலிருந்து இறக்கி, மேலே ஏற்றி, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் டெண்டருக்குள் சரியவிட ஒரு கோபுரம் வேண்டும். பெரிய ஊர்களில் இதைக் கான்கிரீட்டில், தண்டவாளத்துக்கு மேலேயே கால் பரப்பி நிற்கிற மாதிரி கட்டினார்கள், நூற்றுக்கணக்கான டன் பிடிக்கும். தண்ணீர் வேண்டும், அது கொஞ்சநஞ்சமில்லை. யூனியன் பசிபிக் ரயில்வேயின் 'பிக் பாய்' இன்ஜினின் டெண்டரில் 28 டன் நிலக்கரியும் சுமார் 90 ஆயிரம் லிட்டர் தண்ணீரும் ஏறும். மலை ஏறும்போது அவ்வளவும் காலியாக அதிக நேரம் ஆகாது. அதனால் பாதை நெடுக ஆங்காங்கே தொட்டி, பம்ப், குழாய், அதைப் பார்த்துக்கொள்ள ஆள். தண்ணீர் கடினமாக இருந்தால் பாய்லருக்குள் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும், ஆகவே பல இடங்களில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் நிலையமும் வேண்டும். எரிந்த சாம்பலைத் தள்ளிவிடக் குழி, அந்தச் சாம்பலை அள்ளிப்போக வண்டி. இன்ஜினைத் திருப்ப டர்ன்டேபிள், அதைச் சுற்றி வட்டமாக ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் லேத்தும் கொல்லுலையும் உள்ள பட்டறை. இதற்கெல்லாம் மேலே, நூறு மைல், நூற்றைம்பது மைலுக்கு ஒன்று என்று இந்த முழுக் கூட்டமும் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

அப்புறம் ஆட்கள். சட்டப்படி ஒவ்வொரு பாய்லரையும் மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். கழுவுவது என்றால் மேலே தண்ணீர் ஊற்றித் துடைப்பதல்ல. நெருப்பை இறக்கி, நீராவியை வெளியேற்றி, பாய்லரை மெல்ல ஆறவிட்டு, அதன் உடம்பு முழுக்க இருக்கும் திருகுமூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டை வழியே அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி, உள்ளே படிந்த பொருக்கைச் சுரண்டி வெளியே தள்ள வேண்டும். நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் சுவரைத் தாங்கும் நூற்றுக்கணக்கான ஆணிகளைத் தட்டிப் பார்த்து எது முறிந்திருக்கிறது என்று ஓசையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எல்லா மூடிகளையும் பூட்டி, வெந்நீர் நிரப்பி, மறுபடி நெருப்பு மூட்டி, அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு பாய்லர் வேலை தெரிந்தவர், ஃபிட்டர், குழாய் வேலைக்காரர், உதவியாளர் என்று ஒரு படையே தேவை. இவ்வளவு நேரமும் இன்ஜின் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காமல் ஷெட்டில் நிற்கும்.

எனவே நீராவி இன்ஜின் வாங்குவது என்பது இன்ஜினோடு முடிகிற செலவு கிடையாது. பிக் பாய் கதையே இதற்கு நல்ல சாட்சி. 1941இல் 20, 1944இல் 5 என்று மொத்தம் 25 இன்ஜின்களை யூனியன் பசிபிக் வாங்கியது. டெண்டரோடு சேர்த்து ஒவ்வொன்றும் 132 அடிக்கு மேல் நீளம். அவ்வளவு நீளத்தைத் திருப்ப இருந்த டர்ன்டேபிள் போதாது. உட்டா மாநிலத்து ஆக்டனிலும் வயோமிங்கின் கிரீன் ரிவரிலும் 135 அடி டர்ன்டேபிள்களைப் புதிதாகப் போட்டார்கள். சில இடங்களில் தண்டவாளத்தை இன்னும் கனமானதாக மாற்றினார்கள், வளைவுகளைச் சீர்செய்தார்கள். வெறும் 25 இன்ஜினுக்காக இத்தனையும்.

சரி, இனிமேல்தான் கணக்கு. இந்த வசதிகளின் செலவில் ஒரு முக்கியமான குணம் உண்டு: எத்தனை இன்ஜின் ஓடுகிறது என்பதை வைத்து அது பெரிதாகக் கூடிக் குறைவதில்லை. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு பகுதியில் 40 நீராவி இன்ஜின் ஓடுகிறது. ஷெட், கோபுரம், தண்ணீர் நிலையம், இரவு பகல் ஆட்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒன்றுக்குப் பங்கு 25 ஆயிரம். இப்போது 30 இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் போடுகிறீர்கள். மிச்சம் இருக்கும் 10 இன்ஜினுக்கும் கரி வேண்டும், தண்ணீர் வேண்டும், ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும். செலவு கொஞ்சம் குறையும், ஆனால் கால்பங்காக ஆகவே ஆகாது. ஏழு லட்சத்தில் நின்றால்கூட இன்ஜின் ஒன்றுக்கு 70 ஆயிரம் டாலர் விழுகிறது. இதற்கு மேல் டீசலுக்கென்று எரிபொருள் தொட்டி, தனிப் பட்டறை, மின்சார வேலை தெரிந்த ஆட்கள் என்று புதுச் செலவு வேறு. வீட்டில் காஸ் அடுப்பு வாங்கிய பிறகும் சோறு மட்டும் விறகடுப்பில்தான் என்று வைத்துக்கொண்டால் விறகுக் கொட்டகை, சாம்பல், புகைக்கூண்டு எதுவும் போகாது அல்லவா, அதே நிலைமைதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிளம்புகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பது போலத் தெரியும். ஒன்று, நல்ல நிலையில் ஷெட்டுகள் வைத்திருக்கும் கம்பெனிக்கு முதல் சில டீசல்கள் லாபமாகவே தெரியாது, ஏனென்றால் அவற்றால் மிச்சமாவது எரிபொருளும் கொஞ்சம் நேரமும்தான், ஷெட் செலவு அப்படியே நிற்கிறது. இரண்டு, ஒரு பகுதியில் பாதிக்கு மேல் டீசல் வந்துவிட்டால் மீதி நீராவியை வைத்திருப்பது நாளுக்கு நாள் நஷ்டமாகிவிடும், கடைசி இன்ஜின் போனால்தான் முழு ஷெட்டையும் மூட முடியும். அதனால்தான் இந்த மாற்றம் ஆரம்பத்தில் தயங்கித் தயங்கி வந்து, பிறகு பகுதி பகுதியாகப் படபடவென்று முடிந்தது. 1945இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 ஆயிரம் நீராவி இன்ஜின்கள் இருந்தன. பதினைந்து ஆண்டுகளில் அவை காணாமல் போனதற்கு டீசல் இன்ஜினின் திறமை பாதிக் காரணம், இந்த ஷெட் கணக்கு மீதிப் பாதி என்பது என் கருத்து.

ஏற்கெனவே போட்ட பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 1920களில் ஒரு பட்டறைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்தாயிற்று, அதைக் காப்பாற்றத்தான் நீராவியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பலர் எழுதுவார்கள். பொருளாதாரப்படி பார்த்தால் போன பணம் போனதுதான், இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பணத்தால் கிடைத்த பட்டறை இன்னும் உயிரோடு இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், கிரேனும் லேத்தும் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் அந்த ஏற்பாடு பத்துப் பதினைந்து வருஷம் நன்றாக உழைக்கும் என்றால், அதைச் செய்வது பிடிவாதம் ஆகாது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே இதற்கு உதாரணம். கென்டக்கியின் படூகா நகரத்தில் 1925 முதல் 1927 வரை 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவில் பிரம்மாண்டமான பட்டறை கட்டியது. 1930களின் பிற்பகுதியிலிருந்து, புது இன்ஜின் வாங்காமல், இருந்த நூற்றுக்கணக்கான இன்ஜின்களைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பட்டறையிலேயே புது இன்ஜினும் செய்தார்கள். பட்டறை இல்லாத கம்பெனிக்கு இந்த வழியே கிடையாது.

போர் என்று சொன்னேன், அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஜெனரல் மோட்டார்ஸின் எலெக்ட்ரோ-மோட்டிவ் பிரிவு தன் எஃப்டி என்ற சரக்கு டீசலை 1939 கடைசியில் வெள்ளோட்டத்துக்கு அனுப்பியது. 11 மாதத்தில் 20 ரயில்வேகளில் 83 ஆயிரம் மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது அது. சாண்டா ஃபே ரயில்வே உடனே வாங்கியது, அதன் பாதை அரிசோனா பாலைவனத்தின் வழியே போகிறது, நீராவி இன்ஜினுக்கான தண்ணீரையே அங்கே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது எங்கே நீராவியின் வசதிச் செலவு உச்சத்தில் இருந்ததோ அங்கேதான் டீசல் முதலில் நுழைந்தது. மற்றவர்களும் வரிசையில் நின்றிருப்பார்கள். ஆனால் அமெரிக்கா போரில் இறங்கியதும், எந்தக் கம்பெனி எந்த இன்ஜினைச் செய்யலாம் என்பதை அரசின் போர் உற்பத்தி வாரியம் தீர்மானிக்க ஆரம்பித்தது. பாதையில் ஓடும் சரக்கு டீசல் எலெக்ட்ரோ-மோட்டிவுக்கு மட்டும். மற்ற பெரிய தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் நீராவியும், ரயில்களைப் பிரித்துக் கோக்கும் யார்டில் வேகன் தள்ளும் சிறு டீசல்களும்தான். கிடைத்த டீசலும் அளந்து பங்கு போடப்பட்டது. இன்னொரு பக்கம் சரக்கும் ராணுவ வீரர்களும் மலைபோலக் குவிந்தார்கள். கேட்டாலும் டீசல் கிடைக்காது, ரயிலோ ஓடியே ஆக வேண்டும். அப்படியென்றால் இருக்கிற நீராவி இன்ஜின் ஷெட்டில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி, அதற்கு ஷெட்டைத்தான் மேம்படுத்த வேண்டும். 1942க்கும் 1945க்கும் இடையில் நீராவி வசதிகளில் போட்ட பணத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், அப்போது அதில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம்.

போருக்குப் பிறகும் முதலீட்டை நிறுத்தாதவர்களில் எனக்கு மிகவும் பிடித்தது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே. தலைமையகம் வர்ஜினியாவின் ரோனோக் நகரம். மேற்கு வர்ஜினியாவின் போகஹான்டஸ் சுரங்கப் பகுதியிலிருந்து நிலக்கரியை எடுத்து, கிழக்கே நார்ஃபோக் துறைமுகத்துக்கும் மேற்கே ஒஹையோ பக்கமும் கொண்டுபோவதுதான் இதன் முக்கியத் தொழில். இன்ஜினுக்கான கரி தன் பாதையோரத்திலேயே தோண்டப்படுகிறது, அதைத் தூரத்திலிருந்து கொண்டுவரும் செலவு கிடையாது. கரிக் கம்பெனிகள்தான் இதன் வாடிக்கையாளர்கள், அவர்கள் முகத்துக்கு முன்னால் எண்ணெயில் ஓடும் இன்ஜினை வாங்குவதும் சங்கடம். இதெல்லாம் எல்லாரும் சொல்லும் காரணங்கள். அதிகம் பேசப்படாத காரணம், இந்தக் கம்பெனி இன்ஜினையும் ஷெட்டையும் ஒரே பொருளாக நினைத்துச் சேர்த்தே வடிவமைத்தது.

ரோனோக்கில் இதற்குச் சொந்தப் பட்டறை இருந்தது, தன் பெரிய இன்ஜின்களை அங்கேயே செய்துகொண்டது. 1936இல் தொடங்கிய ஏ வகை வேகச் சரக்கு இன்ஜின், அதே வருஷம் வந்து 1952 வரை மெருகேறிக்கொண்டே போன ஒய்6 மலை இன்ஜின், 1941இல் தொடங்கி 1950 வரை 14 மட்டும் செய்த ஜே வகைப் பயணி இன்ஜின், மூன்றுமே அங்கே பிறந்தவை. இவற்றின் அச்சுகளில் எல்லாம் ரோலர் பேரிங், அதாவது உராய்வைக் குறைக்கும் உருளைத் தாங்கி. ஜே வகையில் இணைப்புக் கம்பிகளிலும் ரோலர் பேரிங். ஒரு பம்ப் இன்ஜின் ஓடும்போதே 200க்கும் மேற்பட்ட இடங்களுக்குக் குழாய் வழியே எண்ணெய் அனுப்பிக்கொண்டிருக்கும். பழைய இன்ஜினில் டிரைவரோ ஷெட் ஆளோ எண்ணெய்க் குவளையோடு சுற்றிச்சுற்றி வந்து செய்த வேலை இது.

அந்த இன்ஜினுக்கு ஏற்ற மாதிரி ஷெட்டையும் மாற்றினார்கள். ரோனோக்கின் ஷாஃபர்ஸ் கிராசிங்கிலும் வேறு சில பெரிய முனையங்களிலும் 'லூப்ரிடோரியம்' என்று பெயர் வைத்து நீளமான கூடங்கள் கட்டினார்கள். வட்ட ஷெட்டில் இன்ஜினை டர்ன்டேபிள் வழியாகத்தான் உள்ளே கொண்டுபோய் நிறுத்த வேண்டும், வேலை முடிந்ததும் டர்ன்டேபிள் காலியாகும்வரை காத்திருந்து வெளியே எடுக்க வேண்டும். லூப்ரிடோரியத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறலாம். இன்ஜின் முதலில் சோதனைக் குழிமேல் வந்து நிற்கும், கீழே இருப்பவர்கள் அடிப்பாகத்தைப் பார்த்து வருவார்கள். சாம்பல் தட்டு காலியாகும், கரியும் தண்ணீரும் மணலும் ஏறும், சூடான தண்ணீரைப் பீய்ச்சி எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவார்கள். பிறகு கூடத்துக்குள் நகரும். இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சம், எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் தனித்தனிக் குழாய்கள், கையில் பிடித்து அழுத்தினால் போதும். ஆட்கள் ஆளுக்கொரு பகுதியாக எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். பெரிய கோளாறு எதுவும் இல்லையென்றால் சுமார் ஒரு மணி நேரத்தில் இன்ஜின் அடுத்த ரயிலுக்குத் தயார். சாதாரண ஷெட்டில் இதே வேலைக்குப் பல மணி நேரம் ஆகும். நெருப்பை அணைக்காமலேயே இவ்வளவும் நடக்கும் என்பதுதான் இதில் விசேஷம்.

ஒரு மணி நேரத்தில் இன்ஜின் திரும்பிவிட்டால் என்ன ஆகும்? அதே ரயில்களை ஓட்டக் குறைந்த இன்ஜின்கள் போதும். ஜே வகை இன்ஜின்கள் மாதம் 15 ஆயிரம் மைல் ஓடின என்பார்கள், அது அன்றைய டீசலுக்கும் நல்ல எண்ணிக்கைதான். அதாவது இவர்கள் ஷெட்டில் போட்ட பணம், வாங்கியிருக்க வேண்டிய இன்ஜின்களின் விலையை மிச்சப்படுத்தியது. ஷெட்டில் பணம் போடுவது என்றால் செங்கலும் சிமென்டும்தான் என்று நினைக்கும் புதியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்: இங்கே வாங்கப்பட்டது இன்ஜினின் நேரம்.

1952இல் எலெக்ட்ரோ-மோட்டிவ் நான்கு யூனிட் (ஒன்றோடொன்று கோத்த நான்கு இன்ஜின்கள்) எஃப்7 டீசலை அனுப்பியது, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் அதைத் தன் ஏ, ஒய்6 இன்ஜின்களோடு அதே பாதையில் ஓட்டிப் பார்த்தது. இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றுதான் முடிவு வந்தது, கம்பெனி நீராவியோடு தொடர்ந்தது. அந்தத் தேதியில், அந்தக் கம்பெனிக்கு, அது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். மற்ற கம்பெனிகள் டீசலை ஒப்பிட்டது முப்பது வருஷப் பழைய இன்ஜின்களோடும் ஒழுகும் ஷெட்டுகளோடும். இங்கே ஒப்பிட்டது நீராவியின் மிகச் சிறந்த வடிவத்தோடு. ஆனால் ஒரு முடிவை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யார்டில் வேகன்களைத் தள்ளும் வேலையில் டீசல் எவ்வளவு மேல் என்பது 1930களிலேயே தெரிந்துபோன விஷயம், ஏனென்றால் அங்கே இன்ஜின் பாதி நேரம் சும்மா நிற்கும், நீராவியில் அப்போதும் கரி எரியும். இருந்தும் இந்தக் கம்பெனி 1950இல் செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வேயிடமிருந்து 30 யார்டு இன்ஜின்களை வாங்கியது. அவை 1948இல் செய்தவை, டீசலுக்கு மாறுவதற்காக அந்தக் கம்பெனி கைவிட்டவை. வாங்கியது மலிவாக இருந்திருக்கும், அது சரி. அதே மாதிரியில் 1951 முதல் 1953 வரை இன்னும் 45 இன்ஜின்களைப் புதிதாகச் செய்ததுதான் தேவைக்கு மீறியது. அந்த வரிசையின் கடைசி, 244ஆம் எண் இன்ஜின், 1953 டிசம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் பெரிய ரயில்வே ஒன்றுக்காகச் செய்யப்பட்ட கடைசி வழக்கமான நீராவி இன்ஜின் அதுதான்.

நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே இதே பிரச்சினையை வேறு விதமாகச் சமாளித்தது, அதையும் சொல்ல வேண்டும். 1945, 1946இல் 27 'நயாகரா' இன்ஜின்கள் வந்தன. நியூயார்க்குக்கு வெளியே ஹார்மனிலிருந்து சிகாகோ வரை 928 மைலையும் ஒரே இன்ஜின் ஓட்ட வேண்டும் என்பது திட்டம். தண்ணீரை ஓடிக்கொண்டே தண்டவாளத்தின் நடுவிலிருக்கும் நீள் தொட்டியிலிருந்து அள்ளிக்கொள்ளும், ஆகவே டெண்டரில் தண்ணீருக்கு இடத்தைக் குறைத்து 46 டன் கரிக்கு இடம் கொடுத்தார்கள். தலைமைப் பொறியாளர் பால் கீஃபர் 1946இல் நயாகராவையும் புது டீசலையும் ஒப்பிட்டார். ஆறு நயாகராக்களைத் தேர்ந்தெடுத்து, டீசலுக்குக் கொடுக்கும் அதே கவனிப்பைக் கொடுத்தார்கள். அதற்காக அஸ்பெஸ்டாஸ் உடை போட்ட ஆட்கள், நெருப்பை இறக்கியதும் பாய்லர் ஆறுவதற்கு முன்பே, சூடான ஃபயர்பாக்ஸுக்குள் இறங்கிக் குழாய்களை அடைப்பு நீக்கிச் செங்கல் வளைவைச் சரிசெய்தார்கள். செலவிலும் மைல் கணக்கிலும் நயாகரா டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் மனிதர்களைச் சூளைக்குள் அனுப்பித்தான் பக்கத்தில் வர முடிந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்குப் பத்து வருஷத்தில் நயாகராக்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன, ஒன்றுகூட அருங்காட்சியகத்துக்கு மிஞ்சவில்லை.

கணக்கு எப்போது மாறியது? பல பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் மாறியது. 1946இலும், பிறகு 1949-50இலும், நிலக்கரித் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன, கரியை நம்பினால் ரயில் நின்றுபோகலாம் என்ற பயம் வந்தது. 1949 செப்டம்பரில் ஷெட், பட்டறைத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் குறையாமல் வாரத்துக்கு 40 மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் 48 மணி நேரம். தொழிலாளிக்கு இது நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆள்பலத்தை நம்பி நிற்கும் நீராவி ஷெட்டின் செலவு அந்த ஒரே நாளில் ஏறிவிட்டது. டீசல் ஷெட்டுக்கும் ஏறியது, அங்கே ஆட்கள் குறைவு என்பதால் அடி அவ்வளவு பலமாக விழவில்லை.

இதைவிட ஆழமான அடி வேறு இடத்திலிருந்து வந்தது. நீராவி இன்ஜின் செய்த மூன்று பெரிய தொழிற்சாலைகளும் உள்நாட்டுக்கான கடைசி இன்ஜின்களை அடுத்தடுத்து முடித்துவிட்டன. அல்கோ 1948இல், லைமாவும் பால்ட்வினும் 1949இல். இன்ஜினைத் தானே செய்துகொள்ளும் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னுக்கு இதனால் என்ன என்று தோன்றலாம். பாய்லருக்குத் தண்ணீர் செலுத்தும் கருவி, எண்ணெய் பம்ப், காற்று பம்ப், அளவுமானி என்று நூறு சாமான்களை வெளியே சின்னச்சின்னக் கம்பெனிகள்தான் செய்து கொடுத்தன. வாங்க ஒரே ஒரு ரயில்வேதான் மிச்சம் என்றால் அந்தக் கம்பெனிகள் எப்படி நடக்கும்? ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. கேட்ட சாமானைத் தனியாகச் செய்யச் சொன்னால் விலை பல மடங்கு. முதலில் சொன்ன ஷெட் கணக்கு இங்கே நாடு முழுவதற்கும் பொருந்தி வருகிறது: 40 ஆயிரம் இன்ஜின்கள் சேர்ந்து சுமந்த பொதுச் செலவை, சில நூறு இன்ஜின்களின் தலையில் வைத்தால் தாங்காது. ஒரு கம்பெனி எவ்வளவு திறமையாக ஷெட் நடத்தினாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை.

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கடைசியாக ஒரு முயற்சி செய்தது. 1954இல் கரியை எரித்து நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரத்தில் ஓடும் 'ஜான் ஹென்றி' என்ற இன்ஜினைச் செய்வித்து வாங்கியது, எண் 2300. கரியைக் குறைவாகத்தான் தின்றது. கோளாறு அதிகம், விலை அதிகம், நீளமோ 160 அடிக்கு மேல், டர்ன்டேபிளில் திருப்ப முடியாது. 1958 பிறக்கும்போது ஓரம்கட்டிவிட்டார்கள். அதற்கு முன் 1955லேயே முதல் டீசல்கள் வந்துவிட்டிருந்தன. 1958இல் ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் தலைவரானதும் அரைகுறையாக வைத்திருக்காமல் முழுதாக மாற்றிவிடுவது என்று முடிவானது, பகுதி பகுதியாக ஷெட்டுகள் மூடப்பட்டன. 1960 மே மாதத்தில் கடைசி நெருப்பும் இறக்கப்பட்டது. 1953 டிசம்பரில் செய்த 244ஆம் எண் இன்ஜினுக்கு ஆறரை வருஷம்கூட ஓட வாய்ப்பு இருக்கவில்லை, முப்பது வருஷம் உழைக்கக்கூடிய இயந்திரம் அது.

பணத்தை விட எனக்கு உறுத்துவது ஆட்கள் விஷயம். பாய்லர் வேலையில் கைதேர வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும், ஓசையை வைத்து முறிந்த ஆணியைக் கண்டுபிடிக்கும் காது ஒரே நாளில் வராது. டீசலில் பாய்லரே கிடையாது. (பயணி டீசலில் பெட்டிகளைச் சூடாக்க ஒரு சிறு பாய்லர் இருந்தது, அதற்கு இத்தனை பேர் தேவையில்லை.) மேற்கு வர்ஜினியாவின் தர்மண்ட் மாதிரி ஷெட்டையும் கரிக் கோபுரத்தையும் நம்பி இருந்த ஊர்கள் அப்படியே வெறிச்சோடிப் போயின. அந்த ஊரில் 1922இல் கட்டிய கோபுரம் இன்றும் தண்டவாளத்தோரம் நிற்கிறது, இப்போது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பல ஊர்களில் கோபுரங்கள் மிஞ்சியதற்குக் காரணம் சாதாரணமானது, அவ்வளவு கான்கிரீட்டை, ரயில் ஓடும் பாதைக்குப் பக்கத்தில், இடிப்பதற்கு ஆகும் செலவு அதிகம்.

முதலீடு முழுவதும் வீணாயிற்றா என்றால், எதில் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கோபுரம், தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி, பாய்லர் பட்டறை, இவற்றுக்கு டீசல் காலத்தில் மதிப்பே இல்லை. வட்ட ஷெட்டும் பெரிதாக உதவவில்லை. டீசல் யூனிட்டுகளை இரண்டு மூன்றாகக் கோத்து முன்னும் பின்னும் ஓட்டலாம், அவ்வளவு நீளத்துக்கு நேர்க்கோட்டில் கூடம் வேண்டும், பக்கவாட்டுக் கதவுகளின் உயரத்துக்கு மேடை வேண்டும், அடியில் வேலை செய்ய இறங்கிய தளம் வேண்டும். ஆனால் நிலமும், யார்டை ஒட்டிய இடமும், உயரமான கூரையின் கீழ் ஓடும் பெரிய கிரேன்களும், இரும்பு வேலை தெரிந்த ஆட்களும் வேறு கணக்கு. படூகா பட்டறை டீசலுக்கு மாறியது. 1960களின் பிற்பகுதியில் பழைய டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் புதிதாக்கும் வேலையை அங்கே தொடங்கினார்கள், முப்பது வருஷம் முன்பு நீராவிக்குச் செய்த அதே வேலை, வேறு ரயில்வேகளின் இன்ஜின்களும் அங்கே வர ஆரம்பித்தன. ரோனோக் பட்டறையிலும் டீசல் பராமரிப்பு பல பத்தாண்டுகள் நடந்து, 2020இல்தான் இன்ஜின் வேலைகளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்தப் பட்டறையில் 1950இல் பிறந்த ஜே வகை 611ஆம் எண் இன்ஜின் மட்டும் 14இல் தப்பிப் பிழைத்து அதே ரோனோக் நகரத்துப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வப்போது அதற்கு நெருப்பு மூட்டி ஓட்டவும் செய்கிறார்கள்.